தலைகீழாக வயர் இழுத்த வீடு

போன சனிக்கிழமை காலை என் மூக்குத்தான் என்னை எழுப்பிவிட்டது. போர்வைக்கு வெளியே கிடந்த ஒரே உறுப்பு அதுதான். தொட்டுப் பார்த்தேன். பிரிட்ஜில் வைத்த கத்தரிக்காய் போல இருந்தது.

எழும்பிப் போய் தெர்மோஸ்ரற்றைப் பார்த்தேன். இருபத்திரண்டில் இருக்கவேண்டிய முள் பதின்மூன்றில் நின்றது. வெளியே மைனஸ் இருபத்தொன்று என்று ரேடியோக்காரன் சொன்னான். சொல்லும்போது அவன் குரலில் ஒரு சந்தோஷம் வேறு! குளிர் கூடக் கூட இவர்களுக்கு ஏன் இந்தக் குதூகலமோ தெரியாது.

வேறு நாளென்றால் இன்னொரு சுவெற்றரைப் போட்டுக்கொண்டு திரும்பவும் படுத்திருப்பேன். அன்றைக்கு முடியாது. அன்றைக்கு மூன்று மணிக்கு என் மனைவி வனிதா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள் — ஐந்து நாள் வயதான எங்கள் மகளைத் தூக்கிக்கொண்டு.

(போன கிழமை இந்தப் பத்தி வராததற்கு அந்த மகள்தான் காரணம். ஆசிரியர் மன்னித்துவிட்டார். நீங்களும் மன்னித்துவிடுங்கள்.)

பேஸ்மென்ற்றுக்கு இறங்கிப் போனேன். அப்பார்ட்மென்ற்றில் இருந்துகொண்டு, கடையில் கறிவேப்பிலைக் கட்டோடு இந்தப் பேப்பரையும் எடுத்துப் போகிற அதிர்ஷ்டசாலிகளுக்காக இங்கே ஒரு சின்ன விளக்கம். உங்களுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரியத் தேவையில்லை. சொந்த வீடு வாங்கியவனுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். பேஸ்மென்ற்றில் பேர்னஸ் என்று ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதற்குள் காஸ் எரியும். எரிந்தால் மட்டும் போதாது. அந்தச் சூட்டை அறை அறையாகத் தள்ளுவதற்கு ஒரு காற்றாடி வேண்டும். காற்றாடியைச் சுற்றுவதற்கு ஒரு மோட்டர் வேண்டும். மோட்டர் செத்தால் நெருப்பு வரும், காற்று வராது. பெட்டி தானே கொதித்து, தானே அணைந்துவிடும்.

எங்கள் மோட்டர் செத்துவிட்டிருந்தது. தட்டிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த என்ஜினியரிங் அவ்வளவுதான்.

பேர்னஸ் திருத்துகிற கொம்பனிக்குப் போன் செய்தேன். இந்தக் குளிருக்கு ஊரெல்லாம் பேர்னஸ் பழுதாம். திங்கட்கிழமைதான் ஆள் வரும் என்றாள் ஒரு பெண். "பிறந்த பிள்ளை இண்டைக்கு வீட்டுக்கு வருகுது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உருக்கமாகச் சொன்னேன். வாழ்த்துக்கள் என்றாள். பிறகு, திங்கட்கிழமை என்றாள்.

போனை வைத்த கையோடு வனிதா ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தாள்.

"வீடு சூடாத்தானே இருக்கு?"

"ஓமோம். இருபத்திரண்டு."

பொய் சொன்னேன். ஏன் சொன்னேன்? பிறம்ரனில் அவளுடைய தமையன் இருக்கிறார். நாங்கள் அஜின்கோர்ட்டில் இந்தப் பழைய வீட்டை வாங்கப் போனபோது "பழைய வீடு வேண்டாம், பழைய வீடு எண்டால் ஒரு நாளைக்கு நடுவின்ரரிலை கையை விரிக்கும்" என்று மூன்று தரம் சொன்னவர். வீடு குளிர்ந்துபோய்க் கிடக்கிறது என்று தெரிந்தால் தாயும் பிள்ளையும் நேரே பிறம்ரனுக்குத்தான் போவார்கள். போனால் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துத்தான் திரும்பி வருவார்கள். இந்தப் பிள்ளைக்காகத்தான் இந்த வீட்டையே வாங்கினோம். அதன் முதல் இரவு மச்சான் வீட்டிலா?

அப்போதுதான் குணம் அண்ணையின் நினைவு வந்தது.

குணம் அண்ணை நாலு தெரு தள்ளி இருப்பவர். ஊரில் கோயில் திருவிழாக்களுக்கு லைற் கட்டினவர். கோபுரத்தின் உச்சியிலிருந்து வாசல் வரைக்கும் எண்ணூறு பல்பு கட்டி, இருபத்தைந்து நாளும் ஒரு பல்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர் என்று பேர். கனடாவுக்கு வந்து இரண்டு வருஷம். பேக்கரி ஒன்றில் பணிஸ் தட்டு அடுக்குகிறார். இந்த இரண்டு வருஷத்தில் யாரும் அவரிடம் ஒரு பல்பு மாற்றித் தரச்சொல்லிக்கூடக் கேட்டதில்லை.

போனில் விசயத்தைச் சொன்னேன். "மோட்டர்தானே தம்பி? பத்து நிமிசத்திலை வாறன்" என்றார். ஏழு நிமிஷத்தில் வந்துவிட்டார். தாடியில் பனி, கையில் ஒரு துணிப்பை. பைக்குள் குறடு, ஸ்குரூட்ரைவர், கறுப்பு ரேப் எல்லாம் இருந்தன. ஊரிலிருந்து சூட்கேசில் கொண்டுவந்தவையாம். நான் சூட்கேசில் மிளகாய்த்தூள் கொண்டுவந்த ஆள். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

வேலையைத் தொடங்கிய விதத்தைப் பார்க்கவேண்டுமே! சுவிட்சை நிறுத்தினார். பெட்டியின் கதவைக் கழற்றினார். காற்றாடிக் கூட்டை அப்படியே வெளியே இழுத்தார். உள்ளே முந்தின சொந்தக்காரனின் காலத்துப் பூனைமயிர். எல்லாவற்றையும் துடைத்தார். பிறகு மோட்டரின் வயர்களைக் குறட்டால் நறுக் நறுக்கென்று வெட்டினார்.

"அண்ணை, எது எதோடை இருந்ததெண்டு ஒரு துண்டிலை எழுதி வைப்பமே?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எழுதிறதோ? எண்ணூறு பல்பு கட்டினவன் நான். உதிலை கிடக்கிறது நாலு வயர்."

எடுத்த பேனையைத் திரும்பவும் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

செத்த மோட்டரைத் தூக்கிக்கொண்டு நான் பார்ட்ஸ் கடைக்கு ஓடினேன். கவுன்ரரில் நின்றவன் அதன் தகட்டைப் படித்துவிட்டு உள்ளே போய்ப் புதிசு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். பழையதை நானே குப்பையில் போட்டுவிடுகிறேன் என்றான். நல்ல மனிதன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அதாவது, எந்த வயர் எங்கே போகவேண்டும் என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சியையும் நானே தொலைத்துவிட்டு வந்தேன்.

புது மோட்டரில் நாலு வயர் இல்லை. ஆறு. வெள்ளை, கறுப்பு, நீலம், சிவப்பு, மண்ணிறத்தில் இரண்டு. (பெட்டியின் இரும்பில் பூட்டுகிற பச்சை எர்த் வயர் கணக்கில் இல்லை.) மண்ணிறம் இரண்டும் பக்கத்தில் இருந்த, மோட்டரைக் கிளப்பிவிடுகிற கப்பாசிற்றர் டப்பாவுக்குப் போகவேண்டும் என்பது எனக்கே விளங்கியது. மற்ற நாலும்? பேர்னஸ் பக்கத்திலிருந்து வந்ததோ இரண்டே இரண்டு — ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை.

மோட்டரின் பக்கவாட்டில் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. கீறிய படமும் இருந்தது. குணம் அண்ணை மோட்டரை உருட்டி லேபிள் நிலத்தைப் பார்க்கும்படி வைத்துவிட்டு யோசித்தார்.

"சிவப்பு கறண்ட். கறுப்பு நியூற்றல். உலகம் முழுக்க உப்பிடித்தான்" என்றார்.

"பேர்னஸிலை சிவப்பு இல்லையே அண்ணை?"

"கறுப்பு நியூற்றல் எண்டால் மிச்சம் என்ன? வெள்ளை. அப்ப வெள்ளைதான் கறண்ட். சிவப்பு பெயின்ற் முடிஞ்சுபோச்சுதாக்கும்."

கறுப்பைக் கறுப்போடு முறுக்கினார். பேர்னஸின் வெள்ளையை மோட்டரின் சிவப்போடு முறுக்கினார். மோட்டரின் நீலமும் வெள்ளையும் மிஞ்சின. "உது மேலதிகம்" என்று அவற்றுக்கு ரேப் சுற்றினார். என்ன அழகான சுற்று! ஒரு சுருக்கம் இல்லை.

சுவிட்சைப் போட்டோம். நெருப்பு பற்றியது. ஒரு நிமிஷம்... ஒன்றரை நிமிஷம்... மோட்டர் "ம்ம்ம்ம்ம்" என்று முனகியது. காற்றாடி அசையவில்லை. அடிப்பிடித்த பால் போல ஒரு மணம் வந்தது. டக்! பியூஸ் போய்விட்டது.

நேரம் பத்தே முக்கால். தெர்மோஸ்ரற் பன்னிரண்டு.

குணம் அண்ணை அசரவில்லை. எல்லா வயரையும் கழற்றினார். பியூஸை மாற்றச் சொன்னார். பையிலிருந்து ரெஸ்ரரை எடுத்தார் — ஸ்குரூட்ரைவர் மாதிரி இருக்கும், கறண்ட் உள்ள வயரில் தொட்டால் கைப்பிடிக்குள் குட்டி லைற் எரியும், அதுதான். பேர்னஸின் வெள்ளை வயரில் தொட்டார். எரியவில்லை. கறுப்பு வயரில் தொட்டார். மங்கலாக எரிந்தது.

"ஏன் அண்ணை மங்கலா எரியுது?"

"இந்த நாட்டிலை கறண்டுக்கும் குளிர்தானே" என்றார். ஆனால் அவர் முகம் மாறிவிட்டிருந்தது. திரும்பவும் தொட்டார். திரும்பவும் கறுப்பில்தான் எரிந்தது.

"தம்பி... நியூற்றலிலை கறண்ட் வருது."

அதை அவர் சொன்ன விதத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது. (வீடே சில்லிட்டுத்தான் இருந்தது, அதை விடுங்கள்.)

மேலே ஓடினோம். சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பிளக் மூடியைக் கழற்றினார். அங்கேயும் கறுப்பில்தான் கறண்ட். குசினி — கறுப்பு. படுக்கையறை — கறுப்பு. தொட்டிலுக்குப் பக்கத்துப் பிளக் — கறுப்பு!

"இந்த வீட்டை உமக்கு வித்தவன் ஆர்?"

"ஒரு வயதுபோன வெள்ளைக்காரன் அண்ணை."

"முழு வீட்டையும் தலைகீழா வயர் இழுத்து வைச்சு வித்திருக்கிறான். மோட்டர் ஏன் செத்தது எண்டு இப்ப விளங்குதே?"

விளங்கியது. எனக்கு அப்படியே விளங்கியது! அந்தக் கிழவன் வீட்டைக் காட்டும்போது ஏன் அவ்வளவு சிரித்தான் என்றுகூட விளங்கியது.

குணம் அண்ணை திட்டமே போட்டுவிட்டார். இன்றைக்குப் பேர்னஸ். வாற கிழமை குசினி. அதற்குப் பிறகு ஒவ்வொரு அறையாகத் திருத்துவது. சொல்லிக்கொண்டே பியூஸைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டு அறைப் பிளக்கில் வயர் இரண்டையும் மாற்றிப் பூட்டியும்விட்டார். அவர் கண்ணில் அப்படி ஒரு ஒளியை நான் முன்பு கண்டதில்லை. பேக்கரியில் அவருக்கு இதெல்லாம் கிடைக்குமா?

நான் என்ன செய்தேன்? ஒரு தமிழன் செய்யக்கூடியதைச் செய்தேன். போனை எடுத்தேன்.

யூனியன்விலில் என் நண்பன் ஈசன் இருக்கிறான். பெயின்ற் மணம் இன்னும் போகாத புத்தம்புது வீடு அவனுடையது. நடந்ததையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். "மச்சான், உன்ரை வீட்டிலையும் ஒருக்கால் பிளக்கைக் கழட்டிப் பார்" என்றேன். அவனிடமும் ஊரிலிருந்து கொண்டுவந்த ரெஸ்ரர் இருந்தது. நான்தான் மிளகாய்த்தூளோடு வந்திருக்கிறேன் போல. பத்து நிமிஷத்தில் திருப்பி எடுத்தான்.

"மச்சான்... இஞ்சையும் அப்பிடித்தான்!"

அவன் இரண்டு பேருக்கு எடுத்தான். அவர்களும் கழற்றிப் பார்த்தார்கள். அங்கேயும் கறுப்பு! அந்த இரண்டு பேரும் எத்தனை பேருக்கு எடுத்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். பன்னிரண்டு மணிக்குள் "எங்கட சனத்துக்கெண்டு பாத்துத்தான் உப்பிடி வீடு கட்டி விக்கிறாங்கள்" என்ற அளவுக்கு விசயம் வளர்ந்துவிட்டது.

நான் நம்பினேன். வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன், முழுதாக நம்பினேன். நாலு வீட்டிலும் ஒரே மாதிரி இருந்தால் பிழை வீட்டில் இல்லை, பார்க்கிற எங்களில்தான் என்று ஒருவனுக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. ஊர் முழுக்கப் பிழை, நாங்கள் மட்டும் சரி என்று நம்புவதில் இருக்கிற சுகம் இருக்கிறதே... அதுவும் பத்துப் பேர் சேர்ந்து நம்பினால்... அந்தப் பதினொரு டிகிரி வீட்டில் எனக்குக் கொஞ்சம் கதகதப்பாகக்கூட இருந்தது!

பன்னிரண்டேகாலுக்குப் போன் அடித்தது. வனிதா.

"இஞ்சேருங்கோ... வீடு எப்பிடி?"

"சூடாத்தான் இருக்கு."

"எத்தினை டிகிரி?"

"இருபத்திரண்டு." சொல்லும்போது வாயிலிருந்து புகை வந்தது.

"அப்ப ஏன் ஈசன் அண்ணை எங்களுக்கு ரெண்டு ஹீற்றர் கடன் வாங்கித் திரியிறாராம்?"

ஈசனின் மனைவி பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஆஸ்பத்திரிக்கு எடுத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் வயரெல்லாம் தலைகீழ் என்பதையும், ஸ்காபரோவில் பாதி வீடுகள் அப்படித்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். நான் கிளப்பிவிட்ட கதை யூனியன்வில் போய், ஆஸ்பத்திரி போய், என் காதுக்கே திரும்பி வந்துவிட்டது.

"எட்டு மணிக்கே எனக்குத் தெரியும். பொய் சொல்லேக்கை உங்கட குரல் மெலிஞ்சுபோம்" என்றாள். "இப்ப உண்மையைச் சொல்லுங்கோ. என்ன நடந்தது?"

எல்லாவற்றையும் கொட்டினேன். செத்த மோட்டர், ஆறு வயர், நியூற்றலில் கறண்ட், சிரித்த கிழவன்... நான் முடித்ததும் ஒரு பெருமூச்சு கேட்டது. சிரிப்பை அடக்கிய மூச்சோ, தையல் நோகிறதோ தெரியவில்லை.

"ஏனப்பா... இந்த நாட்டிலை கறுப்புத்தானே கறண்ட். வெள்ளைதான் நியூற்றல்."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்ல வேணும்? நான் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் உந்த வயருகளோடைதானே நிக்கிறன்!"

வாசகர்களே, என் மனைவி மூன்று வருஷமாக ஒரு எலெக்ரோனிக்ஸ் பக்ரறியில் அசெம்பிளி வேலை செய்கிறாள். கறுப்பு, வெள்ளை, பச்சை என்று பிரித்து, வெட்டி, முனை சீவி, ஈயம் வைத்து ஒட்டுவதுதான் அவள் வேலை. ஒவ்வொரு நாளும் காலையில் அந்த வாசலில் அவளைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறவன் நான். பின்னேரம் போய் ஏற்றிக்கொண்டு வருகிறவனும் நான். "இண்டைக்கு என்ன வேலை?" என்று ஒரு நாள் கேட்டிருக்கிறேனா? ஏதோ சின்னச் சின்னச் சாமான் பூட்டுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று காலை முழுவதும் வயரைப் பற்றி யூனியன்வில் வரைக்கும் கேட்டேன். வயரைத் தெரிந்தவளிடம் இரண்டு தரம் போனில் பேசியும், வீடு சூடாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

எனக்கு மெய்யாகவே வெட்கமாக இருந்தது.

"மோட்டரிலை லேபிள் இருக்குமே. அதைப் போய் வாசிச்சுக்கொண்டு வாங்கோ" என்றாள்.

கீழே போனேன். குணம் அண்ணை வயர்களைக் கையில் ஏந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிலத்தில் படுத்து மோட்டரின் அடியைப் பார்ப்பதைக் கண்டு, "என்ன தேடுறீர்?" என்று கேட்டார். ஒரு ஸ்குரூ விழுந்துவிட்டது என்றேன். லேபிளில் இருந்ததை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மேலே ஓடிவந்து வாசித்தேன். வெள்ளை — கொமன். கறுப்பு — ஹை. நீலம் — மீடியம். சிவப்பு — லோ.

"சரி. வெள்ளையை வெள்ளையோடை, கறுப்பைக் கறுப்போடை. நீலமும் சிவப்பும் வேற வேற வேகத்துக்கு. அது ரெண்டையும் தனித்தனியாப் பிளாஸ்ரிக் தொப்பி போட்டு மூடுங்கோ, ஒண்டோடை ஒண்டு முட்டப்பிடாது. பச்சையைப் பெட்டியிலை பூட்டினதோ? சுவிட்ச் நிப்பாட்டித்தானே கிடக்குது?"

எங்கள் வீட்டில் இப்படி ஒரு ஆள் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

"வனி... பிறம்ரனுக்குப் போவியே?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஒண்டரைக்கு எடுப்பன். சூடு வந்திருந்தால் எங்கட வீடு. வராட்டில் அண்ணை வீடு. பிள்ளையோடை விளையாடேலாது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொண்டு. நான் சொன்னனெண்டு குணம் அண்ணையிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. அந்த மனிசன் பாவம். இஞ்சை வந்து இப்பதான் ஒரு ஆள் அவரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கு."

பச்சை உடம்புக்காரி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, பேர்னஸையும் பார்க்கிறாள், பேர்னஸ் திருத்துகிறவரின் மனத்தையும் பார்க்கிறாள். நான் வாசலில் விழுந்த பனியைக்கூட அன்றைக்குத் தள்ளியிருக்கவில்லை.

சரி. பூனைக்கு மணி கட்டவேண்டும். எப்படி?

"அண்ணை, லேபிளிலை வெள்ளைக்கு வெள்ளை எண்டு போட்டிருக்கு."

"லேபிள் அச்சடிக்கிறவனுக்கு வயரைப் பற்றி என்ன தெரியும்?"

நியாயமான கேள்வி. அன்றைய அடுத்த பொய்யை எடுத்துவிட்டேன். "கொம்பனிக்காரன் போன் எடுத்தவன் அண்ணை. இந்த நாட்டிலை கறுப்புத்தான் கறண்ட் எண்டு சட்டமாம்."

குரல் மெலிந்துபோகாமல் இருக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

குணம் அண்ணை வயர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. எண்ணூறு பல்பு கட்டிய கை, ஆறு வயரோடு அப்படியே நின்றது.

"சட்டமோ?"

"ஓம் அண்ணை."

"சட்டமெண்டால் சரி" என்றார் கடைசியில். "அவன்ரை நாடு. அவன் விரும்பின நிறத்திலை விடுவான்." பிறகு மேலே ஏறிப் போய்ச் சாப்பாட்டு அறைப் பிளக்கைப் பழையபடி மாற்றிப் பூட்டிவிட்டு வந்தார். நானும் காணாதவன் போல இருந்துவிட்டேன்.

வெள்ளைக்கு வெள்ளை. கறுப்புக்குக் கறுப்பு. நீலத்துக்கு ஒரு தொப்பி, சிவப்புக்கு ஒரு தொப்பி. தொப்பியின் மேல் அவருடைய அந்த அழகான ரேப் சுற்று. காற்றாடியைக் கையால் ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். எங்கும் முட்டவில்லை. கூட்டை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டினார்.

நேரம் ஒன்று பத்து. சுவிட்சைப் போட்டேன். நெருப்பு பற்றியது. ஒரு நிமிஷம். எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன். ஒன்றரை நிமிஷம்...

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது! மேலே ஏதோ விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சாமிப் படத்துக்குக் கீழே இருக்கிற காற்றுத் துவாரத்திலிருந்து வந்த காற்றில் திருநீற்றுத் தட்டு கவிழ்ந்து, சாப்பாட்டு மேசை முழுவதும் திருநீறு. கையை நீட்டினேன். சூடு! கறுப்பு என்றால் ஹை என்று லேபிளில் இருந்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

(திங்கட்கிழமை கொம்பனிக்காரன் வந்து பார்த்தான். கறுப்பைக் கழற்றி நீலத்துக்கு மாற்றி வேகத்தைக் குறைத்துவிட்டான். மற்றதெல்லாம் சரி என்றான். இந்த ரேப்பை யார் சுற்றியது என்று கேட்டான். பேர் சொன்னேன். நல்ல கை என்றான். இதைக் குணம் அண்ணையிடம் சொன்னேன். மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார்.)

ஒன்றரைக்குப் போன் வந்தது. "பதினாறு. ஏறிக்கொண்டு நிக்குது" என்றேன்.

"குரல் மெலியேல்லை" என்றாள் வனிதா. "வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

மூன்று மணிக்கு நாங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது நடைபாதையில் பனி தள்ளியிருந்தது. கதவைத் திறந்துவிட்டது குணம் அண்ணை. ஜாக்கெற்றையும் சுவெற்றரையும் கழற்றிவிட்டு வெறும் சேர்ட்டோடு நின்றார், இருபது டிகிரிக்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா? மகள் மூன்று கம்பளிக்குள் நித்திரை. அவளுடைய மூக்கை மட்டும் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திருநீறு விழுந்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

வனிதா மெல்ல சோபாவில் அமர்ந்தாள். குணம் அண்ணை முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒரு விசயம் சொல்ல வேணும். நீரும் தெரிஞ்சிருக்கிறது நல்லது. இந்த நாட்டிலை கறுப்புத்தான் கறண்ட். வெள்ளை நியூற்றல். எங்கட நாடு மாதிரி இல்லை. அது தெரியாமல் கன பேர் வயரிலை கை வைக்கினம்..."

கறுப்பு, வெள்ளை, நீலம், சிவப்பு என்று விரல் விட்டு ஒவ்வொன்றாக விளக்கினார். எதை எதோடு சேர்க்கவேண்டும், எதைத் தனியே மூடவேண்டும், பச்சையை எங்கே பூட்டவேண்டும்... கால் மணித்தியாலம் போனது. வனிதா கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இடத்திலும் அவள் உதடு அசையவில்லை.

"அப்பிடியே அண்ணை! நல்லகாலம் நீங்கள் வந்து நிண்டது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் கேட்டு வையுங்கோ."

கேட்டு வைத்தேன்.